அக்கான் பழமொழிகளிலும் ந்சேமா வழக்கிலும் பொறுமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ந்சேமா மக்கள் யார்? அவர்களுடைய பொறுமையைப் பற்றிப் பேசும்போது அக்கான் பழமொழிகள் எங்கிருந்து வருகின்றன?

கானா நாட்டின் தென்மேற்கு மூலையில், அங்கோப்ரா ஆற்றுக்கும் தானோ ஆற்றுக்கும் இடைப்பட்ட கடற்கரைப் பகுதியிலும், எல்லைக்கு அப்பால் ஐவரி கோஸ்ட்டின் கிராண்ட் பாசாம் வரையிலும் வாழ்பவர்கள் ந்சேமா மக்கள். தாய்வழியில் குலம் கணக்கிடும் இவர்களிடையே ஏழு குலங்கள் உண்டு. இவர்களுடைய மொழி, அசாந்தே மக்களின் த்வி, கடற்கரையின் ஃபாந்தே, மேற்கே வழங்கும் அன்யி, பாவுலே ஆகிய மொழிகளுக்கு நெருங்கிய உறவுடையது. கானாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இவர்களை அக்கான் என்னும் பெருந்தொகுதிக்குள் வைத்தே எண்ணுகிறது.

தாய்வழிக் குலம், தலைவரின் அவை, அவைக்கு ஒரு பேச்சாளர், நேரே சொல்லாமல் பழமொழியால் சொல்வது ஆகியவை இந்த மக்களுக்குப் பொதுவானவை. ஆயினும் பழமொழிகளில் பெருந்தொகையாக அச்சில் ஏறியவை த்வி மொழியில் வழங்கியவையே. ஆகவே இப்பக்கத்தில் பழமொழிகள் த்வி வழக்கிலிருந்தும், ஊர்க்கதையும் விழாவும் அரசியல் வரலாறும் ந்சேமா கரையிலிருந்தும் எடுத்தாளப்படுகின்றன.

பொறுமையைப் பற்றி அக்கான் மக்களிடையே மிகவும் அறியப்பட்ட பழமொழி எது?

“பொறுமையோடு எறும்பை அறுத்தால் அதன் குடலையும் காணலாம்” என்பதுதான். “பொறுமை மலைகளைப் பெயர்க்கும்” என்று ஒன்றும் பரவலாக வழங்குகிறது என்றாலும், அது எந்த நாட்டிலும் எவரும் சொல்லக்கூடிய பொதுப்பேச்சு. எறும்பைப் பற்றிய பழமொழியில்தான் இந்த மக்களின் தனிப்பார்வை தெரிகிறது.

இந்தப் பழமொழி யாரையும் காத்திருக்கச் சொல்லவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பொறுமையுள்ளவர் இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கையில் கத்தி இருக்கிறது, கண் முன்னே ஓர் எறும்பு இருக்கிறது, அவர் அறுத்துக்கொண்டிருக்கிறார். யானையை அறுப்பதற்கு வலிமை வேண்டும். எறும்பை அறுப்பதற்கு வலிமையே பகை, ஏனெனில் சற்று அழுத்தினாலும் எறும்பும் போய்விடும், பார்க்க வேண்டியதும் போய்விடும். விரலின் வேகத்தைக் கண்ணின் வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கே உள்ளே இருப்பது புலப்படும்.

பரிசாகச் சொல்லப்படுவதும் கவனத்துக்குரியது. பொறுத்தவருக்குச் செல்வம் வரும் என்றோ, பகைவர் வீழ்வார் என்றோ, மேலுலகில் இடம் கிடைக்கும் என்றோ இப்பழமொழி ஆசை காட்டவில்லை. எறும்பின் குடலால் யாருக்கும் எந்த வரவும் இல்லை. கிடைப்பது காட்சி மட்டுமே: இல்லை என்று எல்லோரும் நினைத்த ஒன்று அங்கே இருந்தது என்னும் அறிவு. சிறிய உயிருக்குள்ளும் ஓர் உள்ளமைப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டவர்தான் இப்படி ஒரு பழமொழியைச் சொல்லியிருக்க முடியும். ஆகவே இது மாணவருக்கும் பொருந்தும், சிக்கலான வழக்கை விசாரிக்கும் முதியவருக்கும் பொருந்தும், பேசாத பிள்ளையின் மனத்தை அறிய முயலும் தாய்க்கும் பொருந்தும். சகிப்பைச் சொல்லும் பழமொழிகளின் வரிசையில் இதை வைத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. என் கருத்தில் இதன் இடம் அறிவைப் பற்றிய பழமொழிகளின் வரிசையில்தான்.

“கொஞ்சம் கொஞ்சமாகவே கோழி நீர் குடிக்கிறது” என்பதும் இதே பொருளுடையதா?

இல்லை. “ந்காக்ரா ந்காக்ரா” என்று தொடங்கும் அந்தப் பழமொழி, சிறிய அளவில் தொடர்ந்து செய்யும் முயற்சியைப் பற்றியது. கோழியின் அலகு ஒரு முறைக்கு ஒரு துளியே எடுக்கும். தலையை உயர்த்தி விழுங்கிவிட்டுத்தான் அடுத்த துளிக்குக் குனியும். கடன் அடைப்பவருக்கும் வீடு கட்டுபவருக்கும் சொல்லத் தக்கது இது. எறும்புப் பழமொழி கூர்மையைக் கேட்கிறது. இது தொடர்ச்சியைக் கேட்கிறது.

கோபத்தை அடக்குவது பற்றிப் பழமொழிகள் உண்டா?

உண்டு. “உன் கை ஒருவன் வாய்க்குள் இருக்கும்போது அவன் தலையில் அடிக்காதே” என்பது அவற்றுள் புகழ்பெற்றது. அடித்தால் அவன் பற்கள் இறுகும் என்பது சொல்லாமலே விளங்கும். இதில் கோபம் தவறு என்று எங்கும் கூறப்படவில்லை. கோபத்துக்கு நியாயமே இருக்கலாம், ஆனால் கையை வெளியே எடுக்கும்வரை அதற்கு நேரம் வரவில்லை என்பதுதான் செய்தி. அறநூலின் குரலைவிட அனுபவப்பட்டவரின் குரலே இதில் மேலோங்கி ஒலிக்கிறது. கடன் கொடுத்தவரிடமோ, வேலை கொடுத்தவரிடமோ, குத்தகைக்கு நிலம் தந்தவரிடமோ முறைத்துக்கொள்ளப் புறப்படும் ஒருவரை நிறுத்த இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

நத்தையும் ஆமையும் வரும் பழமொழியின் பொருள் என்ன?

“நத்தையும் ஆமையும் மட்டுமே இருந்திருந்தால் காட்டில் துப்பாக்கி ஒருபோதும் வெடித்திருக்காது” என்பது அந்தப் பழமொழி. இரண்டும் மெல்ல நகர்பவை, யாரையும் தாக்காதவை, ஆபத்து வந்தால் தம் ஓட்டுக்குள் ஒடுங்குபவை. எல்லோரும் இவற்றைப் போல் இருந்தால் உலகில் சண்டையே இராது என்று அமைதியைப் போற்றுவதற்கே இது பெரும்பாலும் எடுத்துச் சொல்லப்படுகிறது.

ஆனால் அந்த நாட்டுக் காட்டை நினைத்துக்கொண்டு படித்தால் இன்னொரு முகமும் தெரிகிறது. கானாவின் மழைக்காடுகளில் வாழும் பெருநத்தை விரும்பி உண்ணப்படும் உணவு. மழைக்காலத்தில் மக்கள் காட்டுக்குள் சென்று அதைக் கையாலேயே பொறுக்கிக்கொண்டு வருவார்கள். ஆமையையும் அப்படியே தூக்கிக்கொண்டு வரலாம். ஆகவே துப்பாக்கி வெடிக்காததற்குக் காரணம் அவற்றின் மீது யாருக்கும் நாட்டம் இல்லை என்பதாகாது. சுட வேண்டிய தேவையே இல்லை என்பதுதான். இந்தக் கசப்பைப் பழமொழியைச் சொன்னவர்கள் உணர்ந்தே சொன்னார்கள் என்று நான் அடித்துக் கூற மாட்டேன். ஆயினும் தாங்கள் பொறுக்கித் தின்னும் உயிர்களையே அமைதிக்கு எடுத்துக்காட்டாக வைத்தவர்கள், அந்த அமைதிக்கு என்ன விலை என்பதை அறியாதவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

ந்சேமா மக்களிடையே நத்தைக்குத் தனிச் சிறப்பு உண்டா?

ந்சுலேசோ என்னும் ஊரில் உண்டு. பெய்ன் என்னும் கடற்கரை ஊரிலிருந்து அமன்சூரி ஈரநிலத்தின் வழியே படகில் சென்றால், தடானே ஏரியின் மேல் மரத்தூண்களில் நிற்கும் அந்த ஊரை அடையலாம். வீடுகள், நடைபாதை, பள்ளி, வழிபாட்டு இடம் எல்லாமே நீரின் மேல் நிற்கின்றன; சுவர்களுக்கும் தளத்துக்கும் ராஃபியா பனையின் மட்டைகள் பெரிதும் பயன்படுகின்றன. கானா அரசு 2000-ஆம் ஆண்டில் இவ்வூரை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான முன்பட்டியலில் சேர்த்தது.

அவ்வூர் மக்கள் தம் முன்னோரைப் பற்றிச் சொல்லும் மரபுக்கதையில் வழிகாட்டி ஒரு நத்தை. இன்றைய மௌரித்தானியாவில் உள்ள ஊலாத்தா என்னும் பழம்பெரும் நகரிலிருந்து, போருக்கு அஞ்சிப் புறப்பட்ட முன்னோரை இந்த ஏரிக்கு அழைத்து வந்தது நத்தை என்பது கதை. இன்றும் அவ்வூரார் நத்தையைப் போற்றுகிறார்கள். ஊலாத்தாவுக்கும் இந்த ஏரிக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. பாலைவன விளிம்பில் தொடங்கி, புல்வெளியைக் கடந்து, அடர்ந்த காட்டுக்குள் புகுந்து, கடலோரச் சதுப்பு வரை ஒரு நத்தையின் பின்னால் நடந்தவர்கள் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் ஒரு மக்கள் கூட்டம், அப்பயணம் எத்தனை தலைமுறை நீண்டது என்ற கேள்வியைக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறது. புலம்பெயர்வுக் கதைகளில் சிங்கமோ பருந்தோ வழிகாட்டியாக வந்திருந்தால் யாரும் வியப்படைய மாட்டார்கள். தப்பியோடும் மக்களுக்கு, இருப்பவற்றிலேயே மெதுவான உயிரை முன்னால் நடக்க விட்ட கற்பனை எளிதில் மறக்கக்கூடியதாக இல்லை.

அடிங்க்ரா சின்னங்களில் பொறுமைக்குச் சின்னம் இருக்கிறதா?

அடிங்க்ரா என்பவை அக்கான் மக்கள் துணியில் அச்சிட்டு அணியும் சின்னங்கள். பலவற்றுக்குப் பின்னால் ஒரு பழமொழி நிற்கிறது. அவற்றுள் “ஒவோ ஃபொரோ அடோபே”, அதாவது ராஃபியா பனை மீது ஏறும் பாம்பு, இங்கே நேரடியாகப் பொருந்துவது. கையும் காலும் இல்லாத பாம்பு, முட்கள் நிறைந்த அந்தப் பனையில் உடலை வளைத்து வளைத்து மேலே செல்வதை அச்சின்னம் காட்டுகிறது. உறுதி, விழிப்பு, விடாமுயற்சி என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ந்சுலேசோவின் வீடுகளுக்கு மட்டை தரும் அதே பனைதான் இதுவும். ஓர் ஆற்றலும் இல்லாதது என்று நாம் நினைக்கும் உடலே ஏறும் கருவியாகிவிடுவதால், என் கண்ணுக்கு இது எறும்புப் பழமொழியின் உடன்பிறப்பாகத் தோன்றுகிறது.

வழக்குகளைத் தீர்க்கும்போது பொறுமை எப்படி நடைமுறையாகிறது?

பழமொழிகளை மட்டும் படிப்பவர்கள் தவறவிடும் இடம் இது. அக்கான் சமூகங்களில் பொறுமை தனிமனிதரின் குணமாக மட்டும் விடப்படவில்லை. அவையின் நடைமுறைக்குள்ளேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

தலைவர் அவையில் நேரடியாக மக்களிடம் பேசுவதில்லை; மக்களும் அவரிடம் நேரடியாகப் பேசுவதில்லை. இடையில் ஒச்யாமே எனப்படும் பேச்சாளர் நிற்கிறார். தலைவரின் சொல்லை வாங்கி, செப்பம் செய்து, பழமொழியால் அழகூட்டி மக்களுக்குச் சொல்வதும், மக்களின் சொல்லை அதேபோல் தலைவருக்கு எடுத்துச் செல்வதும் அவருடைய பணி. இதை வெறும் ஆடம்பரம் என்று கருதிய வெளிநாட்டவர் உண்டு. ஆனால் ஒருவர் கோபத்தில் சொன்ன சொல் மற்றவர் காதை அடைவதற்கு முன் மூன்றாம் மனிதர் ஒருவரின் வாய் வழியாகச் சென்றாக வேண்டும் என்றால், அந்தச் சொல்லின் சூடு வழியிலேயே தணிந்துவிடும். பேசியவரும் தம் சொல்லை இன்னொருவர் குரலில் மறுபடி கேட்க நேர்கிறது. அதுவே பல சமயங்களில் போதுமானது.

இரு தரப்பையும் கேட்டு முடித்தபின், பெரியோர் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. எழுந்து ஒதுக்குப்புறமாகச் சென்று கலந்து பேசுகிறார்கள். “கிழவியிடம் கேட்டு வரப் போகிறோம்” என்பது அதற்கு வழங்கும் தொடர். அங்கே உண்மையில் ஒரு கிழவி இருக்க வேண்டியதில்லை. தாய்வழிச் சமூகத்தில் குலத்தின் மூத்த பெண்ணிடமே இறுதி ஞானம் இருக்கிறது என்னும் நம்பிக்கை அந்த வழக்கில் தங்கியிருக்கிறது. “ஒற்றைத் தலை ஆலோசனைக்குப் போவதில்லை” என்னும் பழமொழியும் இந்த இடத்துக்கு உரியது. தீர்ப்பு தாமதமாவதைக் குறையாகக் கருதும் நம் காலத்துக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். எனினும் வழக்கு முடிந்தபின் வென்றவரும் தோற்றவரும் அதே ஊரில், பெரும்பாலும் அதே வளாகத்தில், சேர்ந்து வாழ வேண்டியவர்கள் என்பதை நினைத்தால், இந்தத் தாமதம் யாருக்காக என்பது புரியும்.

ஆளப்படுபவர்களுக்கு மட்டும்தானா பொறுமை? ஆள்பவர்களுக்கு இல்லையா?

ஆள்பவர்களுக்குத்தான் கூடுதலாகச் சொல்லப்படுகிறது. “நான் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை என்பதே பெரியவருக்கு அழகு” என்பது த்வி மொழியில் மிகவும் வழங்கும் பழமொழி. காதில் விழுந்த ஒவ்வொரு வசைக்கும் பதில் சொல்லப் புறப்படுபவர் மூத்தவராக இருக்கத் தகுதியற்றவர் என்பது கருத்து. ஒச்யாமே கையில் பிடிக்கும் கோல்களின் உச்சியில் செதுக்கப்படும் உருவங்களுள் முட்டையைப் பிடித்த கையும் ஒன்று: அதிகாரம் முட்டையைப் போன்றது, இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும்.

ந்சேமா மக்கள் இதை விழாவாகவே ஆக்கியிருக்கிறார்கள். அஹாந்தா மக்களும் ந்சேமா மக்களும் கொண்டாடும் குந்தும் என்னும் அறுவடை விழாவில் அவுட்வெனே எனப்படும் வசைப்பாடல்கள் பாடப்படுகின்றன. அந்நாட்களில் தலைவர் உட்பட எவருடைய குறையையும் வெளிப்படையாகப் பாடலாம். பாடியவர் மீது பழிவாங்கக் கூடாது. கிராண்ட் பாசாமில் ந்சேமா மக்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் அபிஸ்ஸா விழாவிலும் இதே உரிமை உண்டு. இது பழைய வழக்கம் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. வில்லெம் போஸ்மான் என்னும் டச்சு வணிகர் 1704-இல் வெளியிட்ட நூலில், இதே கடற்கரையில் உள்ள ஆக்சிம் ஊரில் எட்டு நாள் நடந்த விழாவைப் பற்றி எழுதும்போது, மேலோர் கீழோர் என்ற வேறுபாடின்றி எவருடைய குற்றத்தையும் தண்டனைக்கு அஞ்சாமல் பாட மக்களுக்கு முழு உரிமை இருந்தது என்கிறார். அவர்கள் வாயை அடைக்க ஒரே வழி தாராளமாக மது வாங்கிக் கொடுப்பதுதான் என்றும், கொடுத்தவுடன் வசைப்பாட்டு அப்படியே புகழ்ப்பாட்டாக மாறிவிடும் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். மனிதர் அந்தச் செலவைத் தாமே செய்து பார்த்திருப்பார் போலும்.

இந்த விழாவில் பொறுமையின் திசை மாறியிருப்பதைக் காண்கிறோம். ஆண்டு முழுவதும் தலைவரைப் பொறுத்துக்கொண்ட மக்களைச் சில நாட்களாவது தலைவர் பொறுத்துக்கொள்கிறார்.

“பொறுமையாக இரு” என்று சொல்வது எளியவர்களை அடக்கி வைக்கும் தந்திரம் அல்லவா?

அப்படிப் பயன்படுவதுண்டு, அதை அறிந்த பழமொழிகளும் அதே மரபில் உண்டு. “பிறர் உடலில் தைத்தது மரத்தில் தைத்தது போலிருக்கும்” என்பது ஒன்று. வலிக்காதவர் வலிப்பவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடக் கடுமையான மறுமொழி தேவையில்லை. “பறக்காத பறவை பட்டினியோடு உறங்கும்” என்பது மற்றொன்று. காத்திருப்பதே நல்லது என்று எண்ணிச் சோம்பியிருப்பவருக்கு எதிராகச் சொல்லப்படுவது அது.

ந்சேமா நாட்டின் புகழ்பெற்ற மகன் குவாமே இங்க்ருமாவின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி ஒரு நாட்டின் கேள்வியாகவே எழுந்தது. 1909-இல் ந்க்ரோஃபுல் என்னும் ந்சேமா ஊரில் பிறந்த அவர், அப்போது கோல்டு கோஸ்ட் என்ற பெயரில் ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்த கானாவில் 1947-இல் தொடங்கப்பட்ட ஐக்கிய கோல்டு கோஸ்ட் மாநாட்டுக் கட்சியில் செயலாளராகப் பணியாற்றினார். இயன்ற அளவு குறுகிய காலத்தில் தன்னாட்சி என்பது அக்கட்சியின் முழக்கம். குறுகிய காலம் எவ்வளவு என்பதை அளந்து சொல்லும் உரிமை ஆங்கிலேயரிடமே இருந்த நிலையில், அந்தப் பொறுமை யாருக்கு உதவியது என்பது வெளிப்படை. 1949 ஜூனில் இங்க்ருமா பிரிந்து சென்று மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். அதன் முழக்கம் “இப்போதே தன்னாட்சி”. 1950 ஜனவரியில் நேரடிப் போராட்டத்தை அறிவித்துச் சிறை சென்றார். 1951 பிப்ரவரியில், சிறையில் இருந்தபடியே தேர்தலில் வென்று விடுதலையானார்.

அதன் பின் நடந்ததையும் சொல்லாமல் விட்டால் கதை பாதியிலேயே நின்றுவிடும். இப்போதே என்று முழங்கியவர், ஆங்கிலேய ஆளுநருக்குக் கீழே ஆட்சியை நடத்திக்கொண்டு, அரசமைப்பை ஒவ்வொரு படியாக மாற்றி, இன்னும் இரண்டு பொதுத் தேர்தல்களைச் சந்தித்து, 1957 மார்ச் 6 அன்றுதான் விடுதலை பெற்ற கானாவை அறிவித்தார். இடையில் ஆறு ஆண்டுகள். பொறுமை வேண்டாம் என்று சொன்னதால் மக்களைத் திரட்டினார்; பொறுமையாக எறும்பை அறுத்ததால் அதிகாரத்தைக் கையில் வாங்கினார். முதலாவதை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களும் இரண்டாவதை மட்டும் பாராட்டுபவர்களும் ஒரே தவற்றையே செய்கிறார்கள்.

இப்பழமொழிகள் எப்போது தொகுக்கப்பட்டன?

பாசெல் மிஷன் என்னும் கிறித்தவ சமயப் பரப்பு அமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய மொழியறிஞர் யோஹான் காட்லீப் கிறிஸ்டல்லர், 3,600 த்வி பழமொழிகளைத் திரட்டி 1879-இல் வெளியிட்டார். அவற்றுள் ஒரு பகுதியை ராட்ரே என்னும் ஆங்கிலேய அதிகாரி மொழிபெயர்த்து விளக்கங்களோடு 1916-இல் அச்சிட்டார். பிறகு இவற்றைவிடப் பெரிய தொகுப்புகளும் வந்துள்ளன. அகரவரிசையில் அடுக்கப்பட்ட பட்டியலில் ஒரு குறை தவிர்க்க முடியாதது: யார், யாரிடம், எந்தச் சண்டையின் நடுவில் அதைச் சொன்னார் என்பது அங்கே இராது. பறவைப் பழமொழியும் எறும்புப் பழமொழியும் முரண்படுவதாகத் தோன்றுவதும் அதனால்தான்.

இன்று இவை வழக்கில் உள்ளனவா?

உள்ளன. கானாவின் சிற்றுந்துகளின் பின்புறக் கண்ணாடியிலும், மீன்பிடிப் படகுகளின் பக்கப் பலகைகளிலும் பழமொழிகளை வண்ணத்தில் எழுதுவது நாடறிந்த வழக்கம். வானொலி நிகழ்ச்சிகளிலும் இறுதிச் சடங்கு உரைகளிலும் அவை இடைவிடாது ஒலிக்கின்றன. ந்சேமா மொழி கானாவின் பள்ளிகளில் கற்பிக்கப்படும் மொழிகளுள் ஒன்று.

இளையவர் ஒருவர், தம்மிடம் பொறுமையைப் பற்றிப் பழமொழி சொன்ன பெரியவருக்கு எதிர்ப்பழமொழி சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அதற்கு முறை உண்டு. “அறிவுள்ள பிள்ளையிடம் பழமொழியால் பேசுவார்கள், நீட்டி விளக்க மாட்டார்கள்” என்பதால், பழமொழியைக் கேட்டதும் புரிந்துகொள்வதே இளையவரின் முதற்கடமை. பதில் சொல்லும்போது பழமொழியைத் தம்முடையதாகச் சொல்லக் கூடாது. “பெரியோர் சொல்வார்கள்” என்று தொடங்கி, சொல்லின் உரிமையைக் கேட்பவரிடமே ஒப்படைத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். எறும்பைப் பற்றிச் சொன்ன மாமாவிடம், “உங்களைப் போன்ற பெரியோர்தாம் சொல்லியிருக்கிறார்கள், பறக்காத பறவை பட்டினியோடு உறங்குமாம்” என்று மருமகன் பணிவோடு சொன்னால் அவர் சினம் கொள்ள மாட்டார். அடுத்து மாமா என்ன பழமொழி எடுப்பார் என்பதைக் கேட்கச் சுற்றியிருப்பவர்களும் அமைதியாகிவிடுவார்கள்.